மோரியும் குடமும்



மும்பையின் தாராவியில், 90 அடிச் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் சந்து ஒன்றில் பொழுது புலருமுன் நாம் நுழைவோமாயின், முதலில் செவிக்கு எட்டுவது தண்ணீரின் ஓசையே. குழாயினின்று குடத்தில் விழும் ஓசை. குடத்தினின்று பீப்பாயில் கொட்டும் ஓசை. பின்னர், கதவு சாத்திய அறைக்குள்ளிருந்து செம்பினால் மொண்டு உடம்பில் வார்த்துக்கொள்ளும் ஓசை. அந்த அறை பத்தடிக்குப் பத்தடி இருக்கலாம். சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் பிள்ளைகள் படிப்பதும் அதற்குள்ளேதான். அதன் ஒரு மூலையில், தாழ்ந்த கரை கட்டிய மூன்றடிச் சதுரம் ஒன்று உண்டு. அதற்கு மராட்டியர் இட்ட பெயர் மோரி. தாராவித் தமிழர் அப்பெயரையும் அவ்விடத்தையும் தமக்கே உரியனவாக்கிக் கொண்டு பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

இல்ல அலங்காரம் பற்றி எழுதுவோர் குளியலறையில் வடிவங்கள் ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும் என்பர். சதுரக் கற்கள் பாவிய சுவரில் வட்டக் கண்ணாடி ஒன்றை மாட்டுக. கூர்மையான விளிம்புகளுக்கு எதிரே வளைவான தொட்டி ஒன்றை வைக்க என்பது அவர்கள் கூறும் நெறி. இது செல்வர் வீட்டுப் பேச்சு என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுவோம். ஆயினும், வட்டத்தையும் சதுரத்தையும் ஓரிடத்தில் இசைய வைக்கும் கலையை, அலங்காரம் என்னும் எண்ணமே இன்றி, நாள்தோறும் பயின்றவர்கள் மோரி மூலையில் வாழ்ந்த நம் தாய்மார்கள். அம்மூலையின் வரலாற்றையே இவ்வுரையில் சிறிது ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஒரு சொல்லை நோக்குவோம். குளித்தல் என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்கு மூழ்குதல் என்பது பழம்பொருள். முத்துக்குளித்தல் என்னும் வழக்கில் அப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. தூத்துக்குடிக் கரையில் கடலுள் மூழ்கி முத்தெடுத்தவன் குளித்தவன். பொருநையின் படித்துறையில் இறங்கித் தலை முழுகியவனும் குளித்தவன். ஆற்றிலும் குளத்திலும் மனிதன் நீருக்குள் சென்றான். ஆகவே, குளிக்கும் இடத்தின் வடிவம் பற்றி அவன் கவலைகொள்ள வேண்டியதில்லை. ஆறு தன் வடிவைத் தானே வகுத்துக்கொண்டது. மதுரையில் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் போன்ற பெருங்குளங்களிலோ, நாற்புறமும் படிகளும் நடுவே மைய மண்டபமும் வைத்துச் சிற்பிகள் சமன் கண்டனர். திருநெல்வேலிச் சீமையை விட்டுப் பம்பாய்க்கு ரயிலேறிய நம்மவர் அந்த ஆற்றையும் குளத்தையும் பின்னே விட்டுவிட்டு வந்தனர். அன்று முதல் அவர்கள் நீருக்குள் செல்வது நின்றது. நீரைத் தம்மிடம் வரவழைத்து வார்த்துக்கொள்ளும் வழக்கம் நிலைத்தது. சொல் பழையதாகவே இருக்க, செயல் புதிதாயிற்று. செயல் புதிதானபோது அதற்குரிய இடமும் வடிவமும் தேவையாயின.

எனினும், வீட்டுக்குள் நீர் வார்த்துக்கொள்ளும் மூலை பம்பாயில் பிறந்த புதுமையன்று. சிந்து வெளியின் மொகஞ்சதாரோவில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வீடுகளில், செங்கல் பாவிய குளியல் மேடைகளை அகழ்வாளர்கள் கண்டெடுத்தனர். தளத்தைச் சற்றே சரித்து, ஓரத்தில் கரை எழுப்பி, ஒரு மூலையில் துளை வைத்து, அழுக்கு நீரைத் தெருச் சாக்கடைக்குச் செலுத்தியிருந்தனர். இன்றைய மோரியின் இலக்கணம் முழுவதும் அங்கே அடங்கியிருக்கிறது. அந்நகரின் பெருங்குளத்தை யாவரும் அறிவர். ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட அச்செவ்வகம் புகழ் பெற்றது. வீட்டு மூலைகளில் இருந்த சிறு மேடைகளுக்கு அத்தகைய புகழ் இல்லை. ஆனால் நாள்தோறும் மக்கள் பயன்படுத்தியவை அவையே.

அந்நகரின் கிணறுகளோ வட்டமானவை. ஆப்பு வடிவில் வார்த்த செங்கற்களை வளையமாக அடுக்கி அவற்றைக் கட்டினர். நம் வைகைக் கரையின் கீழடியிலும், 2014-15 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் வெளிப்பட்டன. காலத்தாலும் தொலைவாலும் வேறுபட்ட இவ்விரு ஊர்களிலும் நீரைத் தாங்கும் வடிவம் வட்டமாகவே அமைந்ததன் காரணம் யாது? கிணற்றைச் சுற்றியுள்ள மண் எல்லாத் திசையினின்றும் நெருக்குகிறது. சதுரச் சுவராயின் அதன் நடுப்பகுதி உள்வாங்கும். வட்டச் சுவரிலோ ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்திப் பூட்டிக்கொள்ளும். குடத்திற்கும் வேறொரு வகையில் இது பொருந்தும். ஒரே அளவு சுற்றுச் சுவரைக் கொண்டு மிகுதியான இடத்தை வளைத்துக்கொள்ளும் வடிவம் வட்டமே. குயவனின் சக்கரம் அதனையே எளிதில் தருகிறது. மனிதர் வாழும் அறைக்கோ, பாய் விரிக்கவும் பெட்டி வைக்கவும் அடுத்த வீட்டோடு சுவரைப் பகிரவும் நேர்க்கோடும் சதுரமும் ஏற்றவை. எனவே, நீர் வட்டத்தில் தங்குகிறது. மனிதர் சதுரத்தில் வாழ்கின்றனர். இவ்விரண்டும் சந்திக்கும் இடமே குளிக்கும் இடம். வடிவங்களைச் சமன் செய்யும் வேலை அங்கே எழுவதற்கு இதுவே மூலகாரணம்.

இனிப் பம்பாய்க்கு வருவோம். அந்நகருக்குக் குழாய் நீர் வந்தது 1860-ஆம் ஆண்டில், விஹார் ஏரியிலிருந்து. 1879-இல் துளசி ஏரியும், 1892-இல் தான்சா ஏரியும் அதனோடு சேர்ந்தன. நீர் நகருக்கு வந்ததே அன்றி, ஏழைத் தொழிலாளியின் அறைக்குள் வரவில்லை. சால் எனப்படும் நெடுங்கட்டடங்களில், ஒரு வரிசை அறைகளுக்குப் பொதுவாகச் சில குழாய்களும் சில கழிப்பிடங்களுமே இருந்தன. 1896-இல் பம்பாயைக் கொள்ளை நோய் தாக்கியது. வெளிச்சமும் காற்றும் புகாத நெருக்கமான குடியிருப்புகளின் மீது அரசின் கண் விழுந்தது. 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. சாலைகளை அகலப்படுத்துதல், இடிக்க வேண்டியவற்றை இடித்தல், வடக்கே தாதரிலும் மாதுங்காவிலும் புதிய குடியிருப்புகளை வகுத்தல் ஆகியன அதன் பணிகளாயின.

தாராவி இவ்வகைத் திட்டம் எதனிலும் பிறந்த ஊரன்று. மாஹிம் ஓடையின் கரையில் கோலிகள் என்னும் மீனவர் வாழ்ந்த பழைய குடியிருப்பு அது. நகரம் தனக்கு ஒவ்வாத தொழில்களை விளிம்பிற்குத் தள்ளியபோது, தோல் பதனிடுவோர் அங்கே வந்து சேர்ந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டினின்று, சிறப்பாகத் திருநெல்வேலிச் சீமையினின்று, வந்தோர் பலர். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் வந்து கும்பார்வாடாவை அமைத்தனர். சதுப்பு நிலத்தைக் குப்பையாலும் மண்ணாலும் தூர்த்து, அதன்மேல் குடியிருப்பு எழுந்தது. இன்று அத்தோல் பதனிடும் சாலைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தோற்பொருள் செய்யும் தொழில் நிலைத்திருக்கிறது. கும்பார்வாடாவின் சூளைகளும் புகைகின்றன. ஒருபுறம் தமிழ்நாட்டிலிருந்து தலையில் வந்த செப்புக்குடமும் வெண்கலச் செம்பும், மறுபுறம் கும்பார்வாடாவின் மண்பானை. இவ்விரு வட்டங்களும் மோரி என்னும் சதுரத்தில் வந்து கூடின.

அம்மோரியின் அமைப்பைச் சற்று நுணுகிக் காண்போம். தளத்தில் கடப்பைக் கல்லோ ஷாஹாபாத் கல்லோ பாவியிருப்பர். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்னும் கணக்கில் தளம் சரிந்தால் நீர் தேங்காது ஓடும். எனவே, மூன்றடி மோரிக்கு முக்கால் அங்குலச் சரிவு போதும். மிகுந்தால் கால் வழுக்கும், குடமும் சாயும். கரை நாலைந்து அங்குல உயரம். அதற்கு அப்பால் பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்குவதால், ஒரு துளியும் வழியலாகாது. வெளிச்சுவரை ஒட்டிய மூலையில் துளை. அடி உருண்ட பானை சரிந்த தளத்தில் நிற்க, அதன் கீழே வைக்கோலால் திரித்த புரிமணை. சரிவையும் உருண்டையையும் ஒருசேரச் சமன் செய்யும் கருவி இந்தப் புரிமணை.

குடங்களை அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரே அளவான நான்கு குடங்களைச் சதுரமாக நெருக்கி வைத்தாலும், அவை அடைக்கும் தளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெற்றிடமாக நின்றுவிடும். வட்டத்தின் இயல்பு அது. சிற்றறையில் ஐந்தில் ஒரு பங்கு இடம் பெருஞ்செல்வம். தாராவித் தாய்மார்கள் அந்த இடுக்குகளை வீணாக்கவில்லை. செம்பு, மஞ்சள் உரைக்கும் கல், சோப்புக் கிண்ணம், விளக்குமாறு என்று சிறியன யாவும் அவ்விடுக்குகளில் அமர்ந்தன. பெரிய பீப்பாய் கரைக்கு வெளியே நின்றது. தகரப் பீப்பாய்க்குப் பின், தாராவியிலேயே கழுவி மறுவிற்பனை செய்யப்படும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் வந்தது. பொருள் மாறியது, வட்டம் மாறவில்லை.

இவற்றினும் நுட்பமான ஒன்று உண்டு. பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டும் நம் முறையை அனைவரும் அறிவீர்கள். பாட்டி மணையில் அமர்ந்து, கால்களை நேரே நீட்டி, கணைக்கால்களின்மேல் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்ப்பாள். முதுகிலிருந்து பாதம் வரை அவளுக்கு மூன்றரை அடிக்குக் குறையாத நீளம் வேண்டும். மோரியின் பக்கமோ மூன்றடி. என் செய்வது? அவள் சுவருக்கு நேராக அமர்வதில்லை; மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக அமர்கிறாள். மூன்றடிச் சதுரத்தின் மூலைவிட்டம் நாலேகால் அடி. பாதங்கள் துளையுள்ள மூலையை நோக்கியிருப்பதால், வார்த்த நீர் அவள் பக்கம் திரும்பாமல் ஓடிவிடுகிறது. அவளுடைய உடல் அச்சதுரத்தை இரு முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒரு முக்கோணத்தில் வெந்நீர்த் தவலை, மற்றொன்றில் தண்ணீர்க் குடம். இரண்டும் கைக்கெட்டும் தொலைவில். ஏட்டில் வரைகணிதம் பயிலாத அம்மூதாட்டி, சதுரம், மூலைவிட்டம், முக்கோணம், வட்டம் என்னும் நான்கையும் ஒரு குழந்தையின் பொருட்டு இசைவித்துவிட்டாள்.

இங்கே சமன் என்னும் சொல்லின் பொருளை விளக்குதல் தகும். தராசின் சமன் ஒரு வகை. இரு தட்டும் ஒத்திருக்க வேண்டும். இடப்புறம் உள்ளது வலப்புறமும் இருக்க வேண்டும். வெள்ளிக்கோலின் சமன் வேறு வகை. ஒருபுறம் கனத்த பொருள் அண்மையில் தொங்கும். மறுபுறம் சிறிய எடை தொலைவில் நிற்கும். கோல் நேராக நிற்கும். அரண்மனைக் குளத்திற்குத் தராசின் சமன் பொருந்தும். மூன்றடி மூலைக்கு வெள்ளிக்கோலின் சமனே வழி. ஒருபுறம் பெரிய பீப்பாய். மறுபுறம் ஒரு செம்பும், சுவரில் ஓர் ஆணியும், அதில் ஒரு சிறு கண்ணாடியும். இரண்டிற்கும் நடுவே மனித உடல் திரும்புதற்குரிய வெற்றிடம். அவ்வெற்றிடமே மோரியின் உயிர்.

மோரியைப் புகழ்ந்துவிட்டு அதன் துயரை மறைப்போமாயின் நாம் நேர்மை உடையவர்களாக மாட்டோம். சுவரில்லாத குளியலிடம் அது. ஒரு பெண் குளிக்க வேண்டுமாயின், வீட்டு ஆண்கள் சந்தில் போய் நிற்க வேண்டும்; அல்லது அவள் அனைவரும் எழுமுன் இருளிலேயே எழ வேண்டும். கயிறு கட்டி அதில் பழைய சேலையைத் தொங்கவிட்டு மறைவு செய்துகொண்டனர். மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பும்போது, வெளியே போக வேண்டிய நீர் துளை வழியே உள்ளே திரும்பிற்று. பருவமெய்திய மகளுக்கு மறைவான நான்கு சுவர் தர இயலவில்லையே என்னும் ஏக்கம் எத்தனையோ தாய்மாரின் நெஞ்சில் இருந்தது. வடிவத்தின் சமன் எத்துணைச் சிறந்ததாயினும், நாணத்தைக் காக்கும் சுவருக்கு அது ஈடாகாது.

அச்சுவர் கிடைத்த வீடுகளைக் காணத் தாராவியினின்று நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ரயில் பாதையின் மறுபுறமுள்ள மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் என்னும் வட்டப் பூங்காவைச் சூழ்ந்த பகுதிகளில், 1930-களிலும் 1940-களிலும் அடுக்கு வீடுகள் எழுந்தன. அலுவலகங்களில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. தெருமுனைக் கட்டடங்களின் மூலைகளும் மாடங்களும் வளைந்து திரும்பும் ஆர்ட் டெக்கோ பாணியை அங்கே இன்றும் காணலாம். அதே பாணியின் மெரைன் டிரைவ் கட்டடங்கள் 2018-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம் பெற்றன. 1937 நவம்பரில், இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் பம்பாய் நகர மண்டபத்தில் இலட்சிய இல்லக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. புதிய முறை வீடு எவ்வாறு இருக்கும் என்பதை மக்கள் திரண்டு வந்து கண்டனர். குளியலறை தனியறையாயிற்று. தளம் மொசைக் ஆயிற்று. தளமும் சுவரும் கூடும் இடத்தைக் கூர்மையாக விடாமல் குழிவளைவாகப் பூசும் வழக்கமும் பரவியது. அழுக்குத் தங்குவது மூலையில். மூலையை வளைத்துவிட்டால் ஒரு துடைப்பில் போய்விடும். அழகுக்கென்று நாம் கருதும் அவ்வளைவு, தூய்மை பற்றிய அச்சத்திலிருந்தும் பிறந்ததே.

மேலை நாட்டிலும் இதே தேடல் நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் நம் சண்டிகர் நகரை வகுத்த லெ கொர்பூசியே, பாரிஸுக்கு அருகே புவாஸியில் 1931-இல் முடித்த வில்லா சவோய் என்னும் வீடு நேர்க்கோடுகளால் ஆகிய வெண்பெட்டி போன்றது. ஆனால் அதன் குளியலறையில், தொட்டியின் அருகே, படுத்த மனித முதுகின் வளைவைப் போன்றே வளைந்த ஒரு சாய்வு மேடையைக் கட்டி, அதன்மேல் சிறு சதுரக் கற்களைப் பாவினார். உடலின் வளைவுக்குச் சதுர அறைக்குள் இடம் தர வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். நம் பாட்டி மூலைவிட்டத்தில் அமர்ந்து கண்டதும் அதுவேயன்றோ?

மீண்டும் தாராவிக்குத் திரும்புவோம். 1971-இல் மகாராஷ்டிரத்தில் குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. குழாய், கழிப்பிடம், மின்விளக்கு முதலிய வசதிகளுக்கு வழி பிறந்தது. 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அறிவித்த 100 கோடி ரூபாய் நிதியில் ஒரு பகுதி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. 1995-இல் குடிசை மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியபோது, தகுதியுடைய குடும்பத்திற்கு 225 சதுர அடி வீடு என்று வகுத்தனர். குளியலறையும் கழிப்பறையும் அதற்குள் அடக்கம். பின்னர் அது 269 சதுர அடியாக உயர்ந்தது. தாராவி முழுவதையும் மாற்றியமைக்கும் திட்டத்தில், தகுதி பெற்றோர்க்கு 350 சதுர அடி என 2024-இல் அறிவிக்கப்பட்டது. கதவும் தாழ்ப்பாளும் உடைய குளியலறை என்பது பெருவரமே. அதனைக் குறைத்துக் கூற நாம் துணியோம்.

எனினும், புதிய அறைக்கும் அதன் கணக்கு உண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறைக்குக் குறைந்த அளவாக 1.8 சதுர மீட்டரை வகுத்துள்ளது. அஃதாவது நாலடிக்கு ஐந்தடி என்னலாம். குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாயின் 2.8 சதுர மீட்டர். இத்தகைய சிற்றறையில் இரண்டரை அடிக் கதவு உட்புறமாகத் திறக்குமாயின், அது தரையில் ஒரு கால்வட்டத்தை வரைகிறது. அக்கால்வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ ஐந்து சதுர அடி. இருபது சதுர அடியில் நான்கில் ஒரு பங்கு கதவுக்கே போய்விட்டது. அங்கே பீப்பாயும் நிற்க முடியாது. மணையும் நிற்க முடியாது. கதவை வெளிப்புறம் திறக்க வைத்தால், செலவின்றி அவ்வைந்து சதுர அடியும் நமக்கே திரும்பும். கைகழுவும் தொட்டியை மூலையில் வளைவாக அமைத்தால், திரும்பும்போது இடுப்பில் இடிக்காது. சரிவின் இறக்கமும் நீர்ப்போக்கியும் நடுவில் இராமல் தொலைவான மூலையில் இருந்தால், கால் நீட்டி அமர்வோர்க்கு உலர்ந்த இடம் கிடைக்கும்.

இவற்றை வீடு கட்டி முடிந்தபின் சிந்திப்பதில் பயனில்லை. தளத்தின் சரிவு கல்லிலும் சிமெண்டிலும் உறைந்துவிடும். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்க வேண்டும். மும்பையில் மட்டுமன்று; தில்லியிலோ கல்கத்தாவிலோ பெங்களூரிலோ நம்மவர் சிறு வீடு வாங்கும்போதும் இவ்வாறே கேட்க வேண்டும். கதவு எப்பக்கம் திறக்கிறது? நீர் நின்றுபோகும் நாளுக்கென்று வைக்கும் வட்டப் பீப்பாய்க்கு இடம் எங்கே? முழங்கால் வலியுள்ள முதியவர் முக்காலியில் அமர்ந்து குளிக்க முடியுமா? பிறக்கப்போகும் பேரக்குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட மூலைக்கு மூலை நீளம் போதுமா? வீட்டின் பெண்களை அழைத்து அவ்வரைபடத்தின் முன் அமர்த்தி, இவ்வினாக்களுக்கு அவர்கள் வாயால் விடை பெறுதல் வேண்டும். மூன்றடிச் சதுரத்தில் குடும்பம் முழுவதையும் குளிப்பாட்டியவர்கள் அவர்கள். அவர்கள் கற்ற கணிதம் எந்தக் கட்டடக் கலைஞரின் கணிதத்திற்கும் குறைந்ததன்று.

மோரி மறையட்டும், அது மறைய வேண்டியதே. இருளில் எழுந்து, தொங்கும் சேலைக்குப் பின் அவசரமாய்க் குளித்த காலம் நம் பெண்மக்களுக்கு மீண்டும் வர வேண்டா. ஆயினும், மோரிக் கரையின்மேல் இருந்த செப்புக்குடத்தைப் புது வீட்டிற்கு எடுத்துச் செல்லும்போது, அதை வைக்க ஒரு மூலையும் முன்னதாகவே வகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கூறி, இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.